துப்பட்டிக்குள் இருந்த கை

கோட்டைமேடு, கோவை.

அன்புள்ள அத்தாவுக்கு,

மகள் நிலோஃபர் ஸலாத்துடன் எழுதுவது. போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே இருக்கிறார். அதனால் குவைத்துக்குத் திரும்பும் தல்ஹா மாமாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். காலாண்டுத் தேர்வில் அறிவியலுக்குத் தொண்ணூற்றாறு. அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

ரமலானில் நோன்புக் கஞ்சி இறக்கும்போது சட்டி சரிந்து அம்மாவின் வலது முழங்கையில் கொட்டிவிட்டது. உங்களிடம் சொல்லக் கூடாது என்றார். "தெரிஞ்சா அத்தா வேலைய உட்டுப்போட்டு ஓடியாந்துருவாரு கண்ணு."

ஆறும்போது புதுத்தோல் சுருங்கும், மூட்டையும் சேர்த்து இழுத்துப் பிடிக்கும் என்று ஆர்.எஸ்.புரத்தில் கைக்குப் பயிற்சி கொடுக்கும் அன்புச்செல்வி அக்கா விளக்கினார். கையை நீட்டி, பலகை வைத்துக் கட்டினார். "வலிக்குதுன்னு மடக்கியே வெச்சீங்கன்னா அப்படியே நின்னுபோகுமுங்க" என்றார். நான் அதை நோட்டில்கூட எழுதிக்கொண்டேன்.

ஆனால் தினமும் மாலையில் நீங்கள் வீடியோவில் வருவீர்கள். பலகை தெரிந்துவிடும் என்று அதற்கு முன்பே நான் கழற்றிவிடுவேன். அம்மா கையை மடக்கித் துப்பட்டிக்குள் வைத்துக்கொள்வார். ஒருநாள் நீங்கள், புதுப்பெண்ணாட்டம் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயே சாஜிதா என்று கேலி செய்தீர்கள். மூவரும் சிரித்தோம். பேசி முடித்துத் திரும்பக் கட்டினால் அவருக்கு வலிக்கும். நாளைக்குக் கட்டலாம் என்பார். நானும் சரி என்பேன். பள்ளி திறந்ததும் பலகை பீரோ மேலே போய்விட்டது. பயிற்சிக்குப் போவதும் நின்றது.

இப்போது கை நீளவில்லை. தொழுகையில் குனியும்போது இடது கை முழங்காலைத் தொடுகிறது. வலது கை பாதியில் நிற்கிறது. போன வாரம் மறுபடி போனபோது அன்புச்செல்வி அக்கா கையைப் பார்த்துவிட்டு, பலகையைக் கழற்றியது யார் என்று கேட்டார். நான் வாய் திறக்கும் முன் அம்மா, "நாந்தாங்க" என்றார். நான் தலை குனிந்துகொண்டேன்.

அறுவை செய்து வேறு தோல் வைத்தால் ஓரளவு நீட்டலாமாம். பிறகு மாதக்கணக்கில் பலகை கட்ட வேண்டும். உங்களிடம் சொல்லாமல் அம்மா சம்மதிக்க மாட்டார். சொல்லவும் மாட்டார்.

வெள்ளிக்கிழமை பேசும்போது துப்பட்டியை விலக்கச் சொல்லுங்கள் அத்தா. அவரிடம் கோபப்படாதீர்கள். கழற்றியவள் நான். இந்த முறை நீங்கள் பார்க்கப் பார்க்கவே பலகையைக் கட்டுகிறேன்.

அல்லாஹ் உங்கள் இரண்டு கைகளையும் சுகமாக வைக்கட்டும்.

உங்கள் மகள்,
நிலோஃபர்