கையை நீட்ட மாட்டேன்

வடக்குத்து,
12.8.2014

அன்பு மாமாவுக்கு, செந்தாமரை எழுதுவது. நானும் நம் பிள்ளை இனியனும் நலம். மஸ்கட்டில் வெயில் தணிந்ததா? போனில் சொன்னால் பாதியிலேயே அதட்டுவீர்கள். அதனால்தான் கடிதம்.

நான் மறுபடியும் கேண்டீன் வேலைக்குப் போகிறேன். கோபப்படுங்கள், ஆனால் முழுதும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

ஆபரேஷன் ஆனவள் என்பதால் டாக்டர் சான்று வேண்டும் என்றார் காண்ட்ராக்டர். வடலூரில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். பிரஷர் பார்க்கிற பெண் கையை நீட்டச் சொன்னாள். கையில் பட்டை கட்டக் கூடாது, காலில் பாருங்கள் என்றேன். சிரித்துவிட்டாள். டாக்டரும், "கையைக் காட்டுனா பாரு, இல்லன்னா அடுத்த ஆளக் கூப்பிடு" என்றார். பெஞ்சு நிறைய ஆட்கள்.

யாரிடமும் சொல்லாதே என்றிருந்தீர்கள். சித்தியிடம்கூடக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். அன்றைக்கு எழுந்து நின்று, எல்லோர் காதிலும் விழச் சொன்னேன்: "எனக்கு ரெண்டு மார்பையும் எடுத்துட்டாங்க. கக்கத்துல இருந்த நெறிக்கட்டியையும் எடுத்தாச்சு. கையை இறுக்கிக் கட்டுனா வீங்கிப்பூடும்னு சொல்லித்தான் அனுப்பியிருக்காங்க. கையை நீட்ட மாட்டேன். சான்று வாங்காம போவவும் மாட்டேன்."

நம் தெரு கமலா அக்காவும் அங்கே இருந்தார். ஆனாலும் உட்காரவில்லை.

உள்ளே புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த மூத்த நர்ஸ் விஜயகுமாரி கை கழுவிவிட்டு வந்து, "படுத்துக்கம்மா, நான் பாக்குறேன்" என்றார். கணுக்காலுக்கு மேலே பட்டையைச் சுற்றினார். உள்பக்க எலும்புக்குப் பின்னால் விரலால் நாடியைத் தேடி, ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, காற்றை மெல்ல இறக்கினார். காலில் சற்றுக் கூடுதலாகத்தான் காட்டும், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டரிடம் சொன்னார். அவர் என் ஆஸ்பத்திரிச் சீட்டைக் கேட்டு வாங்கிப் படித்தார். பிறகு சான்றில் கையெழுத்துப் போட்டார்.

வருகிற திங்கள்கிழமை எனக்கு முதல் ஷிப்டு. பெரிய குண்டான்களை நான் தூக்க வேண்டாம், தாங்களே இறக்கி வைக்கிறோம் என்று கேண்டீனில் கூட வேலை செய்கிற தனமும் மற்றவர்களும் சொல்லிவிட்டார்கள்.

தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது மாமா. தெரியட்டும். கமலா அக்கா வீட்டுக்கு வந்து அழுதார். நான் அழவில்லை, காபி போட்டுக் கொடுத்தேன்.

போன லீவில் வந்தபோது சுவரைப் பார்த்துத்தான் பேசினீர்கள். அதில் எனக்குக் கோபம்தான், இல்லை என்று எழுத மாட்டேன். பொங்கலுக்கு வாருங்கள். சேலை, செண்டு எதுவும் வேண்டாம். என் எதிரில் வந்து உட்காருங்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

உங்கள்
செந்தாமரை