யார் உயரத்துக்கு வண்டி?

பங்காருபாளையம்
2025 மே 11, ஞாயிறு, காலை 5.50. வெல்டிங் குச்சி மீதி ஒன்பது.

பிரேமா,

என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய். அதனால் காகிதம். உன் அம்மா வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று முதலில் கேட்க வேண்டுமாம். கேட்டுவிட்டேன்.

போன வருஷம் மாங்காய்ப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தோப்பிலிருந்து ரோட்டுக்கு வரும்போது வரப்பில் விழுந்தாய். கழுத்து பிடித்துக்கொண்டது. குப்பத்துக்கு, உன் அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. ஆக, பிரச்சினை பெட்டியின் எடை. எடைக்கு வழி சக்கரம். பவர் டில்லருக்குப் பின்னால் மாட்டி இழுக்க ஒரு டிரெய்லர் செய்துகொண்டிருக்கிறேன்.

புதிது வாங்க நமக்குக் கட்டுப்படியாகாது. ரேணிகுண்டாவில் பழைய இரும்புக் கடையில் பழைய ஜீப்பின் பின் அச்சும் அதைத் தாங்கும் வில்பட்டைகளும் சக்கரங்களும் கிடைத்தன. இழுக்கும் தண்டு, தண்ணீர் வற்றிய நம் போர்வெல்லில் உருவிய பைப். தளமும் பக்கங்களும் ஏதோ ஒரு பஸ்ஸின் தகடு. ‘அவசர வழி’ என்று தெலுங்கில் எழுதியிருக்கிறது, சுரண்டவில்லை. பெட்டி தூக்க வரும் பொன்னியம்மா பார்த்துவிட்டு, டிக்கெட் எவ்வளவு என்று கேட்டாள்.

ஜூனில் அறுப்பு. அதற்குள் முடிந்துவிடும். நீ வந்துவிடு.

தேவேந்திரன்

*

குப்பம்
மே 17

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். கழுத்து இப்போது திரும்புகிறது; வலது பக்கம் மட்டும் கொஞ்சம் சண்டித்தனம் செய்கிறது. வெல்டிங் செய்யும்போது கண்ணாடி போடுங்கள். போடமாட்டீர்கள், தெரியும்.

பொன்னியம்மாவின் மகள் வண்டியை போட்டோ எடுத்து அனுப்பினாள். பக்கத் தகட்டின் விளிம்பு பொன்னியம்மாவுக்கு மார்பு வரை வருகிறது. யார் உயரத்துக்கு அளந்தீர்கள்? நம் தோப்பில் பெட்டி தூக்கும் ஆம்பளை ஒருத்தர் பெயர் சொல்லுங்கள், பார்ப்போம். கீழேயிருந்து அவ்வளவு உயரத்துக்குத் தூக்கிப் போடுவதற்குத் தலைச்சுமையே தேவலை.

இன்னொன்று. எடைக்காக நான் கிளம்பி வரவில்லை. வரப்பில் கிடந்தபோது என் மாமனார், உங்கள் நைனா, என்ன சொன்னார்? “மத்தவளுங்கல்லாம் தூக்கிக்கினு போறாளுங்க, இவளுக்கு மட்டும் காலு வழுக்குது.” நீங்கள் சிதறிய மாங்காய்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தீர்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கும் ஏதாவது வெல்டிங் உண்டா?

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

பிரேமலதா

*

பங்காருபாளையம்
மே 22, வியாழன், மதியம்

பிரேமா,

உன் கடிதத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது. டேப்பை எடுத்துக்கொண்டு வண்டியிடம் போனேன். நீ சொன்னது சரி. என் இடுப்புக்கு அளந்திருக்கிறேன். வரப்பில் தட்டக்கூடாது என்று தளத்தை உயர்த்தினேன், பலம் வேண்டும் என்று பக்கங்களை அப்படியே வைத்து வெல்டு அடித்தேன். கணக்கெல்லாம் சரி, ஏற்றுகிற ஆள் மட்டும் கணக்கில் இல்லை.

பொன்னியம்மாவைக் கூப்பிட்டு நிற்கவைத்து, தரையிலிருந்து அவள் இடுப்பு வரை அளந்தேன். மோட்டார் ஷெட் பக்கம் உட்கார்ந்திருந்த நைனா சிரித்தார்.

“பொம்பளைங்க ஒசரத்துக்கா வண்டி கட்டுவாங்க?”

“தூக்கப்போறது அவங்க. நீயா தூக்கப்போற?” என்றேன்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

“பிரேமா விழுந்ததுக்குக் காரணம் அவ காலு இல்ல, நைனா. அவ தலையில ஏத்திவுட்ட நாம. அன்னிக்கி நீ சொன்னது தப்பு.”

நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அதிலிருந்து என்னிடம் பேச்சில்லை. தட்டை வைத்தால் தின்கிறார், அவ்வளவுதான். பேசுகிறபோது பேசட்டும். நான் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளமாட்டேன்.

தேவேந்திரன்

இனி செய்யப்போவது:

1. வில்பட்டைக்குக் கீழே இருக்கும் அச்சை வில்பட்டைக்கு மேலே மாற்றுவது. தளம் அரைச் சாண் இறங்கும்.

2. பக்கத் தகடுகளை அறுத்து, கீல் வைத்து, கீழே மடங்கும்படி மாட்டுவது. கண்ணாடி போட்டுக்கொண்டுதான்.

3. பொன்னியம்மா ஒரு பெட்டி ஏற்றிப் பார்ப்பது. அவள் சரி என்றால்தான் பெயின்ட்.

4. ஞாயிற்றுக்கிழமை குப்பம் வருவது. வாசலில் நிற்பேன். உள்ளே கூப்பிடுவது உன் இஷ்டம்.

5. நீ என்னோடு வராவிட்டாலும் இந்த வருஷம் யார் தலையிலும் பெட்டி ஏறாது.