தாடைக்கட்டு

ஆகஸ்ட் 4, திங்கள்

ஷிஃப்ட் தொடங்கும் முன் லைன் போர்டில் என் போட்டோவை ஒட்டினார்கள். 'சசிரேகா, லைன் சூப்பர்வைசர்'. பன்னிரண்டு வருஷம் காருக்குள் போகிற வயரைக் கட்டிக் கட்டி ஒரகடம் கம்பெனியில் இந்த ஒரு போர்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறேன். சந்தோஷப்பட வேண்டிய நாள். போட்டோவைப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை. முகம் எங்கே முடிகிறது, கழுத்து எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை. தாடைக்குக் கீழே இன்னொரு தாடை.

கேன்டீனில் சாம்பார் சாதம் இறங்கவில்லை. இதுவும் அங்கேதானே போய்ச் சேரும்?

ஆகஸ்ட் 6, புதன்

எழுதித் தொலைக்கிறேன். ஆறு வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை, வீட்டுக்காரரிடம்கூட.

பிள்ளைப்பாக்கத்தில் அப்பாவின் நிலத்தை குடோன் கட்டுகிறவர்களுக்கு விற்றபோது எனக்கும் பங்கு வேண்டும் என்று கேட்டேன். கேட்டது நியாயம், கிடைத்தது. பத்திரம் முடிந்த அன்று தெருவில் பங்காளி, மாமன், மச்சான் எல்லோரும் நின்றுகொண்டிருக்க, என் அண்ணன் சுபாஷ் என் கழுத்தைக் கைகாட்டிச் சொன்னான்: "அப்பன் சொத்த முழுங்கி தொண்டையில வெச்சிகினு கீறா பாரு. எப்டி தொங்குது பாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். செங்கமலம் பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அதோடு சரி. பேச்சு இல்லை, பொங்கல் சீர் இல்லை. அவன் என் நம்பரை பிளாக் செய்தான், நானும் செய்தேன். ஆனால் கண்ணாடி முன் நின்றால் அந்தச் சிரிப்பு வந்துவிடும். தலை வாரும்போது உதட்டுக்கு மேலே மட்டும் பார்க்கப் பழகியிருக்கிறேன். சீ, இதெல்லாம் ஒரு பிழைப்பா?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தாம்பரம் கிளினிக்குக்குப் போய் வந்தேன். என் லைனில் வேலை செய்கிற சத்யப்பிரியா சொன்ன இடம். "உறிஞ்சி எடுத்துட்றாங்கக்கா, ஒரு மணி நேரம் கூட ஆவாது. எங்க சித்திக்கு இப்ப கழுத்துன்னு ஒண்ணு கீறதே தெரியுது" என்றாள்.

வாசலில் உட்கார்ந்திருந்த பெண் பல் முழுக்கத் தெரிய, "மேடம் எந்த ஃபங்ஷனுக்காகப் பண்ணிக்கிறீங்க?" என்று கேட்டாள். என்ன ஃபங்ஷன் எனக்கு? "சும்மாதான்" என்றேன். உள்ளே டாக்டர் இரண்டு விரலால் அந்தச் சதையைப் பிடித்துத் தூக்கி, விட்டு, மறுபடி தூக்கிப் பார்த்தார். கறிக்கடையில் எடை போடுவதற்கு முன் தூக்கிப் பார்ப்பார்களே, அப்படி. "நடந்தாலும் ஓடினாலும் இது போகாதும்மா" என்றார். ஒரு கணம் அவர் கையைத் தட்டிவிடலாமா என்றிருந்தது. தட்டவில்லை. தேதி வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்காரர் மோகன்ராஜ் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "உனுக்கு இன்னாடி கொற? எனுக்கு ஒண்ணும் தெரில."

"தெரிலன்னா கண்ண டெஸ்ட் பண்ணு" என்றேன். எழுந்து போய் டிவி போட்டுக்கொண்டார். 

ஆகஸ்ட் 16, சனி

முடிந்தது. மரத்துப்போக ஊசி போட்டார்கள், தூங்க வைக்கவில்லை. காதுக்குப் பக்கத்திலேயே அந்தச் சத்தம் — இளநீர் காலியான பிறகும் ஸ்ட்ராவை உறிஞ்சுகிற சத்தம். கடைசியில் டாக்டர் ஒரு பாட்டிலைத் தூக்கிக் காட்டினார், ஏதோ பரிசு கொடுப்பதுபோல. மஞ்சளாக, ரத்தம் கலந்து, கொழகொழவென்று. இதுதானா? இந்தக் கண்றாவியையா ஆறு வருஷம் சுமந்தேன்?

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தாடையிலிருந்து உச்சந்தலைக்கு வெள்ளைப் பட்டை ஒன்றை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். ஒரு வாரத்துக்கு அவிழ்க்கக் கூடாதாம். மல்லாந்துதான் படுக்க வேண்டும். வாயைத் திறக்க முடியவில்லை, வடிகட்டின கஞ்சி மட்டும். அதுவும் ஓரமாக வழிகிறது. வீட்டுக்காரர் துண்டால் துடைத்துவிடுகிறார். அவர் முகத்தைப் பார்க்கவே கூசுகிறது.

பக்கத்து வீட்டு கங்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து "இன்னாச்சுக்கா?" என்றாள். "கடவாப்பல் பிடுங்கினேன்" என்று சைகை காட்டினேன். பொய்யும் சேர்ந்தாயிற்று.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

வீங்கி ஊதாவாக இருக்கிறது. முன்பைவிடப் பெரிசு.

ஆகஸ்ட் 22, வெள்ளி

இன்று நான் செத்துப்போனேன்.

விளையாட்டில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமை என்று குளித்து, கூடத்துச் சாமி மாடத்தில் காமாட்சி விளக்கு ஏற்றி, ஊதுபத்தி கொளுத்திவிட்டு ஷிஃப்டுக்குப் போனார். பதினோரு மணிக்குக் கரன்ட் போனது. எங்கள் படப்பையில் கரன்ட் போனால் எப்போது வரும் என்று எவனுக்கும் தெரியாது. காற்று வரட்டும் என்று வாசல் கதவைத் திறந்து வைத்து, கூடத்தில் பாய் போட்டு மல்லாந்து படுத்தேன். தலைமாட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வலி மாத்திரை. அப்படியே அடித்துப்போட்ட மாதிரி தூங்கிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து செங்கமலம் பெரியம்மா வந்திருக்கிறாள். அவள் மகன் பிரசன்னாவுக்குக் கல்யாணம், தட்டில் மஞ்சள் குங்குமத்தோடு பத்திரிகை வைத்துக்கொண்டு. வாசற்படியில் நின்று பார்த்தால் நான் எப்படித் தெரிந்திருப்பேன்? பிணத்துக்கு வாய் பிளக்காமல் தாடையைச் சேர்த்து உச்சியில் கட்டுவோமே, அதே கட்டு. தலைமாட்டில் விளக்கு, ஊதுபத்தி வாசம். பக்கத்தில் ஒரு ஈ, காக்காய் இல்லை. வேறு யாராக இருந்தாலும் உள்ளே ஓடி வந்து உலுக்கியிருப்பார்கள். கல்யாணப் பத்திரிகைத் தட்டோடு சாவு வீட்டுப் படி மிதிப்பார்களா? வந்த வழியே திரும்பி ஷேர் ஆட்டோ பிடித்து, பிள்ளைப்பாக்கத்தில் போய் நான் செத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

எனக்குப் போன் போட சுபாஷிடம் வழியில்லை, பிளாக். வீட்டுக்காரர் போன் கம்பெனி லாக்கரில். பிறகென்ன.

பெரிய சத்தம் கேட்டு விழித்தேன். வாசலில் வேன். பிள்ளைப்பாக்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் மாரில் அடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். அவர்களைத் தள்ளிக்கொண்டு சுபாஷ். ஒரு கையில் மாலை, அக்குளில் கடைப் பை. செருப்பில்லை. "அய்யோ சசீ! எங்கள வுட்டுட்டு பூட்டியே! ஒரு வார்த்த பேசாத வுட்டுட்டனே பாவி!" என்று படியிலேயே விழுந்தான்.

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

ஒருத்தி "ஐயோ!" என்று கத்தி வேனுக்குள் ஏறிவிட்டாள். மற்றவர்கள் அழுகையை நிறுத்துவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள். சுபாஷ் மட்டும் தவழ்ந்து வந்து என் காலைத் தொட்டுப் பார்த்தான். சூடாக இருக்கிறதா என்று பார்த்தானாம்.

பல்லைக் கடித்தபடியே, "சாவல, ஆபரேசன்" என்றேன்.

ஆகஸ்ட் 23, சனி

நேற்று முடிக்கவில்லை. கைவலியால் இல்லை. அருவருப்பால்.

வேன் போன பிறகும் அவன் போகவில்லை. கங்கா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "எதுக்கு ஆபரேசன்? கட்டியா?" என்று கேட்டான். கட்டை விரலால் கழுத்தைக் காட்டினேன்.

"நீ சொன்னதுக்குத்தான்."

"நானா? நான் இன்னா சொன்னேன்?"

அந்த வாக்கியத்தை அப்படியே, ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். ஆறு வருஷம் மனப்பாடம். அவன் முழித்தான். நடிப்பில்லை, எனக்குத் தெரியும், பொய் சொன்னால் அவனுக்குக் காது சிவக்கும். "நான் அப்டிலாம் பேசுவனா சசி? பத்திரம் முடிஞ்ச அன்னிக்கு குடிச்சிருந்தேன். நெஜமா ஞாபகம் இல்ல. நீதான் ராங்கி புடிச்சி வர்றதில்லன்னு நெனச்சிகினு இருந்தேன்."

ஞாபகமே இல்லையாம்! அவன் துப்பிவிட்டுப் போய்விட்டான், நான் அந்த எச்சிலைத் துடைக்காமல் ஆறு வருஷம் வைத்திருந்து, கடைசியில் ஊசி போட்டு உறிஞ்சி எடுத்திருக்கிறேன். அவன்மேல் வெறுப்பா, என்மேலா? ரெண்டு பேர் மேலும்தான். த்தூ.

போகும்போது அந்தக் கடைப் பையை மறந்து வைத்துவிட்டுப் போனான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பட்டையை அவிழ்த்தாயிற்று. பையைத் திறந்தேன். மாம்பழக் கலர் புடவை, அரக்குக் கரை. பிறந்த வீட்டுக் கோடி. சுமங்கலி செத்தால் பிறந்த வீட்டார் கொண்டுவந்து போர்த்துவது. கடை லேபிள்கூடப் பிய்க்கவில்லை.

உயிரோடு இருந்தபோது ஆறு பொங்கலுக்கு ஒரு ரவிக்கைத் துணி இல்லை. செத்தேன் என்று கேட்டதும் ஸ்ரீபெரும்புதூர் கடைக்கு ஓடத் தெரிந்திருக்கிறது. என்னைப் போர்த்தத் துணி எடுத்தானே என்று நினைத்தாலே உடம்பு கூசுகிறது.

வீட்டுக்காரர் எட்ட நின்றே பேசினார். "அத வூட்ல வெக்காத. எங்கனா வீசு."

வீசப் போனேன். குப்பைத்தொட்டி வரை போய்த் திரும்பி வந்தேன். சின்ன வயதில் எனக்கு மாம்பழக் கலர் பாவாடைதான் வேண்டும் என்று நான் அடம்பிடிப்பேன். செருப்புப் போடாமல் ஓடினவன் கடையில் கலர் பார்த்து எடுத்திருக்கிறான்.

ஆகஸ்ட் 25, திங்கள்

வேலைக்குப் போனேன். கேட்டில் முகம் பார்க்கிற மெஷின் ஒரே நொடியில் 'சசிரேகா' என்று காட்டியது. பழைய முகமே போலிருக்கிறது அதற்கு. சத்யப்பிரியா மட்டும், "சூப்பர்க்கா, ஷேப் வந்துச்சு" என்றாள்.

செப்டம்பர் 1, திங்கள்

வீக்கம் வடிந்துவிட்டது. கண்ணாடியில் முழுசாகப் பார்த்தேன். கழுத்து தெரிகிறது. நன்றாகத்தான் இருக்கிறது. சிரிப்புச் சத்தம் கேட்கிறதா என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். 

சுபாஷ் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். நான் பேசவில்லை. எடுத்துவிட்டேன், அவ்வளவுதான்.

செப்டம்பர் 4, வியாழன்

பிரசன்னா கல்யாணம், ஸ்ரீபெரும்புதூர் மண்டபத்தில். நானும் போனேன். அந்த மாம்பழக் கலர் புடவையைக் கட்டிக்கொண்டு.

வீட்டுக்காரர் பைக் எடுக்க மாட்டேன் என்று வாசலில் நின்று சண்டை போட்டார். "கோடிய கட்டிகினு கல்யாணத்துக்கு வர்றவள எங்கனா பாத்துகீறியா?" ஷேர் ஆட்டோவில் போவேன் என்றேன். ஆட்டோ வரும் முன் அவரே பைக்கைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த செங்கமலம் பெரியம்மா என்னைப் பார்த்ததும் சொம்பை நழுவவிட்டாள். "மவளே, அன்னிக்கு நான் உள்ள வந்து பாத்திருக்கணும்" என்றாள். "அன்னிக்குத் தெருவுல சிரிச்சியே, அத மொதல்ல சொல்லு" என்றேன். அவளுக்கு ஞாபகம் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டாள்.

சுபாஷ் பந்தியில் சாம்பார் வாளியோடு வந்துகொண்டிருந்தான். என் இலைக்கு முன்னால் வந்து நின்றுவிட்டான். பொய் சொல்லாமலே அவனுக்குக் காது சிவந்தது.

"அந்தப் பொடவையா சசி இது?"

"ஆமா. ஆறு வருசத்துல நீ எனுக்கு எடுத்த ஒரே பொடவ. இத கட்டிக்க நான் சாவணுமா?"

அவன் வாளியைக் கீழே வைத்தான். பின்னால் வந்தவர்கள் சத்தம் போட்டார்கள், நகரவில்லை. பிறகு என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, யாரோ போட்ட இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தான். அத்தனை பேர் என் கழுத்தைப் பார்த்துக் குசுகுசுவென்று பேசினார்கள். அவன் ஒருமுறைகூட அங்கே பார்க்கவில்லை. புடவைக் கரையையே பார்த்துக்கொண்டு அழுதபடி சாப்பிட்டான்.