டாங்கிக்கு அடியில் வைத்த வெள்ளைத் தட்டு

பதினொரு வருடம் எனக்கு முன்னால் உட்கார்ந்து எனக்காக வழி பார்த்து வண்டி ஓட்டிய அன்பான இசக்கிமுத்துவுக்கு,

நீர் உயிரோடு இருந்தவரை உமக்கு நான் ஒரு வரியும் எழுதியதில்லை. கூப்பிட்டால் வந்துவிடுவீர், எழுத வேண்டிய அவசியம் வரவில்லை. இந்தக் கடிதம் எங்கள் மாதா கோவில் பத்திரிகையில் அச்சாகப் போகிறது. அதனால் உமக்கு நன்றாகத் தெரிந்த சில விஷயங்களையும் மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளும்.

நம் கறுப்பு மோட்டார் இரண்டு மாதமாக வீட்டு முற்றத்தில் தோலுரிந்து நிற்கிறது. நீர் வேலையை விட்டுப் போனபின் நான்கு வருடமாக அது கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. யுத்தம் முடிந்து கொழும்பிலிருந்து திரும்பிய என் தங்கை மகன் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “தகரத்துக்குப் போட்டுரலாம் பெரியம்மா” என்றான். என் புருஷன் இரண்டு தோணிகளைச் சேர்த்துக் கட்டி, கப்பலிலிருந்து கரைக்கு இறக்கிக் கொண்டுவந்த வண்டி. அது தகரமாகவா போகும்? ஓட்ட ஆளில்லாவிட்டாலும் வந்த கோலத்தில் நிற்கட்டும் என்று முடிவு செய்தேன்.

பட்டறைக்கு அனுப்பினால் வேலை என் கண்ணெதிரே நடக்காது. ஆகவே கப்பல்களின் தண்ணீர்த் தொட்டிகளுக்கு ஈயம் பற்றவைக்கும் காசிம் பாயை வீட்டுக்கே வரச் சொன்னேன். அவர் மட்கார்டுகளின் ஓட்டைகளை வெட்டியெடுத்துப் புதுத் தகரம் வைத்தார். நான் முக்காலி போட்டு உட்கார்ந்து உப்புத்தாளால் கதவுகளைத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கத் துரு வந்துகொண்டே இருந்தது. இங்கே தூத்துக்குடியில் கடற்காற்று எதை விட்டுவைத்திருக்கிறது?

“இந்த வயசுல ஏம்மா உங்களுக்கு இந்த வேல? கதவு மினுங்குனா அதுல மொகம் பாக்கவா?” என்றார் காசிம் பாய்.

“முகம் பார்க்க வீட்டில் கண்ணாடி இருக்கிறது. நீர் உம் வேலையைப் பாரும்” என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, சாயங்காலம் ஜெபமாலையைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. களைப்பாக இருக்கிறது, இசக்கிமுத்து. கை மட்டும் களைத்திருந்தால் பரவாயில்லை.

படிக்கிறவர்களுக்காக அந்த நாட்களை இங்கே சொல்ல வேண்டும். யுத்தகாலம். பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைக்கும். டாங்கிக்குள் விட்டு அளக்க நான் ஒரு குச்சி வைத்திருந்தேன், அரத்தால் கோடு போட்ட குச்சி. சனிக்கிழமை மாலை அளந்ததற்கும் திங்கட்கிழமை காலை அளந்ததற்கும் ஒரு விரற்கடை குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பூசைக்கு நடந்தே போயிருந்தோம். வண்டி நகரவே இல்லை.

நீர் சொன்னீர்: “அம்மா, டாங்கி கசியுது. கழட்டிப் பாக்கணும். ஒரு தடவ குனிஞ்சு பாருங்க.”

நான் குனியவில்லை. டிரைவர் சொல்லி வண்டிக்கு அடியில் தலையை விடுவதா? அதற்குப் பதிலாக ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டை டாங்கிக்கு நேர் கீழே வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் தட்டு காய்ந்து கிடந்தது, ஒரு சொட்டு இல்லை. அளந்து பார், கண்ணால் பார், பிறகு பேசு என்று கன்னியர் மடத்தில் சொல்லித் தந்திருந்தார்கள். அளந்தேன், பார்த்தேன், பேசிவிட்டேன். பெட்ரோல் வாடை? கொட்டகை என்றால் அந்த வாடை அடிக்கத்தானே செய்யும் என்று இருந்துவிட்டேன்.

அதே வாரம் துவைகல்லில் இருந்த சவுக்காரக் கட்டியில் பாதியைக் காணவில்லை. உம் காக்கிச் சட்டைப் பையில் மஞ்சளாக அதன் தூள் ஒட்டியிருந்தது.

முற்பகல் நேரம். எங்கள் சரக்குக் கிட்டங்கி வாசலில் தோணி ஆட்கள் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் உம்மைக் கேட்டேன்: “பெட்ரோல்தான் போகிறது என்று பார்த்தால் வீட்டுச் சவுக்காரமுமா? திருட வேறு வீடு கிடைக்கவில்லையா?”

மூட்டையோடு நின்ற ஒருவன் கத்தினான்: “டிரைவர் அண்ணாச்சி, மீதிக் கட்டியையும் கொண்டாரும், நாங்களும் குளிக்கணும்லா!” எல்லோரும் சிரித்தார்கள்.

“அம்மா, அதத்தான் நான்...” என்று ஆரம்பித்தீர். “வாயை மூடும்” என்றேன். சாவியைப் படியில் வைத்துவிட்டு, மெதுவாகத்தான் நடந்து போனீர்.

அதற்குப்பின் உம்மை வேலைக்கு வைக்க நினைத்தவர்கள் என்னிடம் வந்து விசாரித்தார்கள். ஒரு டாக்டர், ஓர் அரிசி மில்காரர், இன்னும் இருவர். “வண்டி நன்றாக ஓட்டுவார். கை சுத்தமில்லை” என்றேன் எல்லோரிடமும். முதல் பாதியைச் சேர்த்துச் சொல்வதால் நான் நியாயமாக நடந்துகொள்வதாக நினைப்பு. நீர் உடன்குடிக்கே திரும்பிப்போய்க் கருப்பட்டிச் சிப்பம் சுமந்தீர் என்று கேள்விப்பட்டேன். போன கார்த்திகையில் நெஞ்சில் சளி கட்டி நீர் இறந்த செய்தி வந்தது. ஒரு மன்றாட்டுச் சொன்னேன். வேறொன்றும் செய்யவில்லை.

இனி டாங்கிக்கு வருகிறேன். வண்டிக்குப் பின்னால், அடியில், இரண்டு இரும்புப் பட்டைகளில் அது தொங்குகிறது. பட்டைக்கும் டாங்கிக்கும் நடுவில் அதிராமலிருக்கக் கம்பளித் துண்டு வைத்திருப்பார்கள். காசிம் பாய் பட்டையை நெம்பியதும் கம்பளி பாளம் பாளமாகக் கையோடு வந்தது. அதற்கு அடியில் ஊசியால் குத்தியதுபோல் நாலைந்து துளைகள். கம்பளி கடல் ஈரத்தைக் குடித்துக் குடித்துத் தகரத்தைத் தின்றிருந்தது. பட்டையின் ஓரத்தில், வெளியிலிருந்து விரல் எட்டிய துளைகளின் மேல், மஞ்சளாக என்னவோ கல்லாய்க் காய்ந்து அப்பியிருந்தது.

“சவுக்காரம்” என்றார் அவர், நகத்தால் கீறி மோந்து பார்த்து. “யாரோ வெவரமான ஆளு வச்சிருக்கான். மெழுகு வச்சா பெட்ரோல்ல கரைஞ்சிரும். இது கரையாது. ஆனா கழட்டாம வெளிய இருந்து எம்புட்டு அடைக்க முடியும், பாவம்? பெருவிரல வச்சு அமுக்கிருக்கான், பாருங்கம்மா, ரேக தெரியுது.”

குனிந்து பார்த்தேன். தெரிந்தது.

“தட்டு வைத்தேனே, காய்ந்திருந்ததே” என்றேன்.

“பெட்ரோலு என்ன மோரா, தட்டுல கெடக்க? பாதி கம்பளியில ஊறிரும். மீதி விழுந்தாலும் காத்தோட போயிரும்லா.”

வண்டியின் மிதிபலகையில் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு சவுக்காரத்தைப் பார்த்தார். அன்று கிட்டங்கி வாசலில் நடந்தது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஊருக்கே தெரியுமே. டாங்கியைத் தூக்கிக்கொண்டு நிழலுக்குப் போய்விட்டார்.

நீர் ஏன் இரண்டாம் தரம் வந்து சொல்லவில்லை? ஒரு மாதம் கழித்து வந்திருக்கலாமே? வந்திருந்தால் நான் கேட்டிருப்பேனா?

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். அபராதமாகச் சில ஜெபங்கள் கொடுத்தார். முழங்காலில் நின்று முடித்தேன். எழுந்தபோதும் பாரம் அப்படியே இருந்தது. மறுநாள் காலை பஸ் ஏறி, திருச்செந்தூரில் மாறி, உடன்குடி போய் இறங்கினேன். செம்மணலில் செருப்பு புதையப் புதைய உம் வீட்டைக் கண்டுபிடித்தேன். உம் மனைவி வேலம்மாள் என்னை அடையாளம் கண்டு, பாயை உதறிப் போட்டு, செம்பில் தண்ணீர் கொடுத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், சவுக்காரம் உட்பட. அவள் அழவில்லை.

“இத எங்கிட்ட ஏன் சொல்லுதிய? அவுக எடுக்கலன்னு எனக்குத் தெரியும். தெரியாதவுககிட்டப் போய்ச் சொல்லுங்க” என்றாள். “மூத்தவளப் பொண்ணு கேட்டு வந்தவுக தூத்துக்குடியில விசாரிச்சிட்டுத் திரும்பி வரவே இல்ல. திருடன் மவளுன்னு சொல்லிருக்காவ.”

“நான் என்ன செய்ய வேண்டும்?”

“அன்னைக்கு எங்கன வச்சுச் சொன்னியளோ அங்கன வச்சுச் சொல்லுங்க. எம்புட்டுச் சத்தமாச் சொன்னியளோ அம்புட்டுச் சத்தமா.”

என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. திருச்செந்தூர் வரும்வரை பஸ்ஸில் அவள்மேல் கோபமாகத்தான் இருந்தேன். கோவில் கோபுரம் தெரிந்தபோது கோபம் போய்விட்டது; கோபப்படவும் தெம்பில்லை.

கிளம்பும்போது அவள் இன்னொன்றும் சொன்னாள். வேலை போன பிறகும் வீட்டில் உட்கார்ந்து நீர் அதையே பேசிக்கொண்டிருப்பீராம்: “அக்கா அளவு தப்பாது. அப்ப பெட்ரோல் எங்க போவுது?” என் முன்னால் எப்போதும் அம்மா என்றுதானே சொல்வீர்? என் குச்சியை நீர் அவ்வளவு நம்பினீர். உம் வாய்ச்சொல்லை நான் நம்பவில்லை.

செய்தி இன்னும் கொஞ்சம் இருக்கிறது. துளைகளுக்குத் தகரம் வைத்து ஈயம் பற்றவைத்தாகிவிட்டது. உள் துருவை எடுக்க ஸ்ரீவைகுண்டத்து ஆற்றுக் கல்லைப் போட்டு இரண்டு பேர் டாங்கியைக் குலுக்கினார்கள். கடற்கரைச் சரளை ஆகாதாம், உப்பு தங்கிவிடுமாம். பழுப்புத் தண்ணீர் தெளிய ஒன்பது தடவை கழுவ வேண்டியிருந்தது. வண்டிக்குச் சாயம் இன்னும் பூசவில்லை. அதற்கு அவசரமில்லை.

அவசரமான வேலை ஒன்றுதான். என் தொண்டை இப்போது பழைய தொண்டை இல்லை. அன்றைய சத்தம் இன்று வராது. அதனால்தான் அச்சைத் துணைக்கு அழைத்தேன். உம்மைப் பற்றி என்னிடம் விசாரித்த நால்வரின் வீட்டுக்கும் இந்தத் தாளை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். வருகிற சனிக்கிழமை முற்பகல், மூட்டை இறங்கும் நேரத்தில், கிட்டங்கி வாசலில் நிற்பேன். அன்று சிரித்தவர்களில் பலர் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார்கள். இசக்கிமுத்து பெட்ரோல் திருடவில்லை, என் வண்டியின் ஓட்டையை என் சவுக்காரத்தால் அடைத்தார், திருடன் என்று சொன்ன நான்தான் பொய் சொன்னேன் என்று சொல்வேன். கடைசியில் நிற்கிறவனுக்குக் கேட்கவில்லையென்றால் கையைத் தூக்கட்டும். மறுபடியும் சொல்வேன். எத்தனை தடவையானாலும் சொல்வேன்.

நீர் என் முகத்துக்கு நேரே ஒருமுறையும் அழைக்காத உம் அக்கா,
பிலோமினம்மாள்