கடைசி வரி வரைக்கும்

பிப்ரவரி 9

இன்று அவள் அடித்தளத்துக்கு இறங்கிவிட்டாள்.

எங்கள் பயிற்சி மையத்தில் சனிக்கிழமை தேர்வு, திங்கட்கிழமை இடமாற்றம். நன்றாக எழுதியவர்கள் மேல்மாடி ஏ பேட்ச்சுக்கு ஏறுவார்கள். சறுக்கியவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். கடைசி, தண்ணீர் மோட்டார் ஓடும் அறைக்குப் பக்கத்தில் டி பேட்ச். என் மகள் அங்கே. படிக்கட்டில் எதிரே வந்தவள், "வழி விடுங்க மிஸ்" என்றாள். மையத்துக்குள் அம்மா என்று கூப்பிடக் கூடாது, நான் போட்ட சட்டம்தான். ஆனாலும் சுருக்கென்றது.

பிப்ரவரி 11

நான் நடத்தும் கெமிஸ்ட்ரி அவளுக்குத் தெரியாமல் இல்லை. தொட்ட கேள்வியெல்லாம் சரி. ஆனால் தொடுவதே முக்கால்வாசிதான். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், உதடு அசைய, கதைப்புத்தகம் மாதிரிப் படிக்கிறாள். அதற்குள் மணி அடித்துவிடுகிறது. மார்க் குறைந்தால் அரசு மருத்துவக் கல்லூரி கிடைக்காது, தனியார் கல்லூரிதான். அந்தக் கட்டணத்துக்கு எங்கே போவது?

ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் நான் சொல்லிக்கொடுப்பது என்ன? முதல் வரியைப் பார், எந்தக் கணக்கு என்று அடையாளம் கண்டுபிடி, விடையைக் குறி, அடுத்ததுக்கு ஓடு. பழைய கேள்வித்தாள்களைக் கரைத்துக் குடித்தவர்களுக்கு மிச்ச வரி எதற்கு? அதனால்தான் நான் 'மின்னல் மிஸ்'. அவளுக்கு வைத்த பெயர் ஆமை. 'மின்னலுக்கு ஆமை பிறந்திருக்கிறது' என்று கழிவறைச் சுவரில் எழுதியிருக்கிறார்களாம். எழுதின கையை ஒடிக்க வேண்டும். ஆனால் — எழுதினதில் என்ன பொய்?

பிப்ரவரி 20

சாப்பாட்டு மேசையில் மாதிரித் தேர்வு. எனக்கு உட்கார முடியவில்லை. அவள் தோளருகே நின்றுகொண்டு, "ம், அடுத்தது. ம், அடுத்தது."

மருந்துக் கடை வேலை முடிந்து வந்த என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இந்த வேகத்துல நான் மருந்து எடுத்துக் குடுத்தா தெருவுல பாதிப் பேர் மிஞ்ச மாட்டாங்க" என்றார். சிரிப்பு வேறு. பெண்ணைப் பெற்ற கவலை இருந்தால் சிரிப்பு வருமா?

அவள் பேனாவை வைத்துவிட்டு, "அம்மா, எனக்கு என்ன தோணுதுன்னா..." என்றாள்.

"நேரம் பத்தலை, அதானே?"

இல்லை என்று தலையாட்டினாள். அதற்குள் பால் பொங்கியது, ஓடினேன். அவளுக்கு என்னதான் தோன்றியது? திரும்பி வந்தபோது தூங்கப் போய்விட்டாள்.

மார்ச் 6

டைரக்டர் கூப்பிட்டார். "உங்க படத்தைப் போட்டு பேனர் வெச்சிருக்கோம் மேடம். உங்க பொண்ணே கீழ உக்காந்திருந்தா நாலு பேர் என்ன பேசுவாங்க?"

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தேன். நாலு பேட்ச்சும் சேர்ந்த வகுப்பு, கையில் மைக். "ஆமை மாதிரி ஊர்ந்தா சீட் வீடு தேடி வராது" என்று வாயில் வந்துவிட்டது. வகுப்பே கொல்லென்று சிரித்தது. எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. அவள் பேனா மூடியை மெதுவாகப் போட்டு மூடினாள்.

கொட்டினதை அள்ள முடியுமா? ச்சே. நானெல்லாம் ஒரு அம்மா!

மார்ச் 7

சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள்.

மார்ச் 15

அவளே வந்தாள். "உன் முறையையே சொல்லிக் குடும்மா."

ஏப்ரல் 13

பி பேட்ச்! ஒவ்வொரு வாரமும் மார்க் ஏறுகிறது. டைரக்டர் பார்க்கும்போதெல்லாம் பல்லைக் காட்டுகிறார்.

சந்தோஷமாக இருக்கவேண்டியதுதானே? இருப்புக் கொள்ளவில்லை. படிக்கும்போது இப்போதெல்லாம் அவள் உதடு அசைவதில்லை. நல்லதுதான். நல்லதுதானே?

மே 3

தேர்வு. வாசலில் பெற்றோர் கூட்டம், வெயில். எல்லாருக்கும் முன்னால் ஓடி வந்தாள். ஓடி! "எல்லாம் முடிச்சிட்டேன்மா. நேரம்கூட மிச்சம்!"

அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மையத்துக்குப் போனேன். தேர்வு நாளன்றே விடைகளை வெளியிட்டால்தான் மையத்துக்கு மதிப்பு. "எதிர்க் கட்டடத்து சென்டர்காரன் போடறதுக்குள்ள நம்மது வந்துடணும் மேடம்" என்று டைரக்டர் முதுகுக்குப் பின்னால் நின்றார். கெமிஸ்ட்ரிதான் முதலில் முடிந்தது. மின்னல் என்றால் சும்மாவா!

வீட்டுக்கு வந்தால், நான் போட்ட விடைகளை வைத்து அவள் சரிபார்த்து முடித்திருக்கிறாள். "கெமிஸ்ட்ரி அப்படியே உன்னுதுதாம்மா. ஒண்ணுகூட மாறலை" என்று கட்டிக்கொண்டாள். மார்ச்சுக்குப் பிறகு முதல் தடவை. இவர் ஐஸ்கிரீம் வாங்கி வந்தார். வயிறும் மனசும் நிறைந்தது.

மே 4

காலையிலேயே போன். எதிர்க் கட்டடத்து விடைகளும் என்னுடையவையும் ஐந்து இடத்தில் ஒத்துப்போகவில்லையாம். அவர்களுக்குத்தான் தெரியாது என்று சொல்லிக்கொண்டே கேள்வித்தாளைப் பிரித்தேன்.

அமிலமும் காரமும் கலக்கும் அந்தப் பழைய கணக்கு. முதல் வரி அச்சு அசல் அதேதான். காலங்காலமாக 'எவ்வளவு செலவாகும்' என்று கேட்பார்கள். இந்த முறை கடைசி வரியில் 'எவ்வளவு மிஞ்சும்' என்று கேட்டிருக்கிறார்கள். பழைய விடையையும் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள், எலிப்பொறியில் தேங்காய் மாதிரி. மற்ற நாலிலும் இதே வேலை. ஐந்திலும் விழுந்திருக்கிறேன்.

என் விடைதான் அவள் விடை.

"நாம வெளியிட்ட விடையில அச்சுப் பிழைன்னு போட்டுடலாம் மேடம்" என்றார் டைரக்டர். சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

சாயந்திரம் அவளிடம் சொன்னேன். அழவில்லை. கேள்வித்தாளை இழுத்து அந்தக் கடைசி வரியில் விரலை வைத்தாள். "கடைசி வரி கண்ணுல பட்டுச்சும்மா. படிக்கலாம்னு போனேன். நீ பக்கத்துல நின்னு 'ம், அடுத்தது'ன்னு சொல்ற மாதிரி இருந்துச்சு. அடுத்ததுக்குப் போயிட்டேன்."

தெய்வமே. என் பிள்ளை பக்கத்தில் நான் ஏன் போய் நின்றேன்?

ஜூன் 12

முடிவு வந்தது. மயிரிழையில் போய்விட்டது. அந்த ஐந்து போதும், உள்ளே போயிருப்பாள்.

டைரக்டருக்குச் சொந்தமாக ஒரு கல்லூரியும் உண்டு. "நம்ம காலேஜ்ல ஒரு சீட் ஒதுக்கறேன் மேடம், சம்பளத்துல பிடிச்சுக்கலாம்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மையத்து வாசலில் புது பேனர் ஏறுகிறது. அதிலும் என் படம்.

ஜூன் 21

டைரக்டரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சாப்பாட்டு மேசையில் அவள் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, இன்னொரு தடவை எழுதறேன். ஆனா..."

நிறுத்திவிட்டாள். அவள் வாக்கியத்துக்கு மூன்று முடிவு என் வாயில் வரிசை கட்டி நின்றது: பயமா இருக்கா, பேட்ச் மாத்தணுமா, இவனுங்க கிண்டல் பண்ணுவாங்களா? மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் உதடு மட்டும் சத்தமில்லாமல் அசைந்தது. எத்தனை நாள் ஆயிற்று அதைப் பார்த்து! அடுப்பில் பால் பொங்கி வழிகிற வாசனை வந்தது. வழியட்டும் என்று இருந்தேன்.

"...உன்கிட்ட வேண்டாம்மா. நானே படிச்சுக்கறேன்."

சரிம்மா என்றேன். மேலே ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.