எண்பத்தெட்டு கிலோ

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். உன் குரலைக் கேட்டால் மறுபடியும் பொய்தான் வரும். அதனால்தான்.

நேற்று உன் மனைவி கூப்பிட்டாள். "அண்ணி, டாக்டர் தேதி குடுத்துட்டாரு. அடுத்த மாசம் பன்னிரண்டு. நீங்க வந்து ஒரு தடவை எடை பாத்துட்டா போதுமாம், உங்க கிட்னியை இவருக்கு வெச்சிடுவாங்களாம்" என்று அழுதுகொண்டே சொன்னாள். சந்தோஷம்மா என்றேன். போனை வைத்ததும் எங்கள் பார்சல் ஆபீஸில் ஒரு மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நான் எழுபத்தொன்பது கிலோ இல்லையடா.

எண்பதுக்குக் கீழே வந்தால்தான் என் கிட்னியை எடுக்க முடியும் என்று டாக்டர் சொன்னபோது தொண்ணூற்றேழு இருந்தேன். நாலே மாதத்தில் எண்பத்தாறுக்கு வந்தேன். அதுவரை சொன்னதெல்லாம் நிஜம். ஆபீஸ் ஷட்டரைத் திறந்ததும் எடை மெஷினில் முதல் பார்சலாக நான்தான் ஏறுவேன். மூட்டை தூக்கும் நெட்டையன், "அக்கா, உங்களை எந்த ஊருக்கு புக் பண்றது?" என்பான். நானும் சிரிப்பேன். அப்புறம் ஏழு வாரம் எண் அசையவே இல்லை. ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினேன். மாடிப்படி ஏறி இறங்கி முட்டி வீங்கியதுதான் மிச்சம்.

ஒரு செவ்வாய்க்கிழமை நீ டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்கு வந்து, போனில் "எவ்ளோக்கா இப்ப?" என்றாய். உன்னிடம் குரலே இல்லை. எண்பத்தைந்து என்றேன். நீ சிரித்தாய். எத்தனை மாதம் கழித்து! அந்தச் சிரிப்புக்காக அடுத்த வாரமும் ஒரு கிலோ குறைத்தேன், வாயால்.

அதோடு மெஷின் பக்கம் போவதை விட்டேன். எப்படியும் பொய் என்றான பிறகு எதற்கு வாயைக் கட்டுவது என்று ஒரு திமிர். நீ வாந்தி எடுத்தாய் என்று கேள்விப்படும் நாளில் அடுப்படியில் நின்றபடியே பாத்திரத்தைக் காலி செய்துவிடுகிறேன். நீ நாள் முழுக்கக் குடிக்கும் தண்ணீரையே டம்ளரில் அளந்து குடிக்கிறாய். என்னால் ஒரு தட்டோடு எழுந்திருக்க முடியவில்லை. என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. உன் அத்தானிடம்கூடச் சொல்லவில்லை.

இன்று காலை மறுபடி ஏறினேன். கண்ணை மூடிக்கொண்டு நெட்டையனைப் படிக்கச் சொன்னேன். அவன் கிண்டல் செய்யவில்லை. பார்சலுக்கு ஒட்டும் லேபிளில் எடையை எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான். இத்துடன் வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள். இனி வெள்ளிக்கிழமைதோறும் அவன் கையால் எழுதிய லேபிள் உனக்கு வரும். என் வாயை நம்பாதே.

டாக்டரிடம் நானே பேசுகிறேன். மூன்று மாதம் தள்ளிவைக்கச் சொல்லிக் காலில் விழுகிறேன். அவர் என்ன சொல்வாரோ, அதுவரை உன் உடம்பு தாங்குமோ, ஒன்றும் தெரியவில்லை.

சின்ன வயதில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டே பள்ளிக்கூடம் வரை நடப்பேன். கனக்கிறது, இறங்கு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. என்னைத் திட்டு, என்னோடு பேசாமல்கூட இரு. டயாலிசிஸுக்குப் போவதை மட்டும் நிறுத்திவிடாதே. நீ நூறு வயது வாழவேண்டியவன். முதலில் நான் வந்து சேரும்வரை இருடா.

உன்
அக்கா