எட்டு மணி நேரம் நிற்கும்

ஜூன் 8, ஞாயிறு

இன்று நான்கு பேட்டரியைப் 'புதுசாக்கினோம்'. அப்பா அப்படித்தான் சொல்வார். மற்ற கடைகளில் செத்துப்போன இன்வெர்ட்டர் பேட்டரிகளைத் தன் பேட்டரிக் கடைக்குத் தூக்கி வருவார். ஹேர் ட்ரையரைக் காட்டினால் பழைய ஸ்டிக்கர் தோல் மாதிரி உரிந்து வரும். உரிப்பது என் வேலை. சோடா மாவு போட்டுத் தேய்ப்பது, குமிழ் விழாமல் புது ஸ்டிக்கர் ஒட்டுவது, பதித்திருக்கும் தேதியைச் சூடு வைத்து அழிப்பது, எல்லாம் என் வேலை. ஞாயிற்றுக்கிழமை என்றால் மற்றவர்களுக்கு லீவு.

சூடு வைக்கிற கம்பி வழுக்கி ஒரு பேட்டரியில் நீளமாகக் கோடு விழுந்துவிட்டது. என் கட்டைவிரலிலும். அப்பா பேட்டரியை மட்டும் பார்த்தார்.

"கோட்டச் செவுத்துப் பக்கம் திருப்பி வச்சாப் போச்சு."

ஜூன் 11, புதன்

கோடு விழுந்த பேட்டரி தமிழ்வாணி வீட்டுக்குப் போயிருக்கிறது. ஏன் அவள் வீட்டுக்கு?

வாணி என் பெஞ்சு. அவள் அம்மா மலையம்மாள் ஊமச்சிகுளம் பக்கம் நாட்டுக்கோழிக் குஞ்சு பொரித்து விற்கிறார். முட்டையை அடைகாக்கிற மெஷினுக்குக் கரண்ட் நிற்கவே கூடாது. "ஷட்டவுன் அன்னைக்குத் தாங்குமாண்ணே?" என்று கேட்டாராம். மாதம் ஒரு நாள் காலையிலிருந்து சாயந்திரம் வரை லைனை நிறுத்துவார்களே, அது.

"எட்டு மணி நேரம் நிக்கும்னேன். வயல்ல கூலிக்கு நின்னவளுக்குக் கம்பெனி பேட்டரி கேக்குது" என்று சாப்பிடும்போது அப்பா சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். அவர் சிரித்தால் சிரித்துவிட வேண்டும்.

ஒரு மணி நேரம் தாங்கினால் அதிகம். ஜெராக்ஸ் கடைக்கு அது போதும். முட்டைக்கு?

ஜூன் 14, சனி

21ஆம் தேதி ஷட்டவுன். பேப்பரில் போட்டுவிட்டார்கள்.

ஜூன் 17, செவ்வாய்

ஆசிட் தெறித்தது அப்போது தெரியாது. துவைத்தால்தான் துணி பொத்துக்கொள்ளும். இன்று என் யூனிஃபார்ம் முழுக்க ஓட்டை. "என்னடி, எலி மேஞ்சிருச்சா?" என்றார் கணக்கு டீச்சர். வகுப்பே சிரித்தது.

மத்தியானம் வாணி அவள் பையிலிருந்த ஊசி நூலால் தைத்துக் கொடுத்தாள். அவள் என் முட்டிக்குப் பக்கத்தில் குனிந்திருந்தபோது சொல்லிவிட்டேன். முழுசாக இல்லை.

"வாணி, அந்தப் பேட்டரிய ரொம்ப நம்பாதீங்க. ஷட்டவுன் அன்னைக்கு ஆள் யாராச்சும் கூட இருங்க."

"உங்கப்பா கடையில வாங்கிட்டு நம்பாம என்ன?" என்று பல்லால் நூலைக் கடித்தாள். அன்றைக்கு அவள் சித்தி பிள்ளைக்குக் காதுகுத்து. வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் போகிறார்களாம். முட்டைக்குள் குஞ்சு இப்போதே அசைகிறதாம், டார்ச் அடித்தால் தெரியுமாம்.

ஜூன் 19, வியாழன்

மலையம்மாள் அப்பாவுக்கு போன் செய்துவிட்டார். வெள்ளந்தியாகத்தான் கேட்டிருக்கிறார், பாப்பா ஏதோ சொல்லுச்சாமேண்ணே என்று.

அப்பா போனில் நன்றாகத்தான் பேசினார். வைத்துவிட்டு ஷட்டரை இறக்கினார். ஆசிட் உறிஞ்சிப் பார்க்கிற கண்ணாடிக் குழாயை எடுத்தார். என் கையை மேஜையில் விரித்து வைக்கச் சொன்னார். ஒரே சொட்டு.

"கழுவக் கூடாது. அடுத்து எங்க விடட்டும்? நாக்குலயா?"

நான் நாக்கைப் பல்லுக்குள் ஒளித்துக்கொண்டேன். இப்போதும் அப்படியே வைத்திருக்கிறேன்.

"உனக்கு எதுக்குடி ஊர் வம்பு" என்று அம்மா தேங்காய் எண்ணெய் தடவினாள்.

ஜூன் 20, வெள்ளி

அப்பாவே மலையம்மாளையும் வாணியையும் கடைக்கு வரச் சொல்லியிருந்தார். இரண்டு பேரும் வாசல் படிக்குக் கீழேயே நின்றார்கள். ஸ்டூல் காலியாகத்தான் இருந்தது.

"எம்மகதான பயமுறுத்துனா? அவளே சொல்லட்டும்." அவர் கை என் பிடரியில் இருந்தது. பார்க்கிறவர்களுக்குத் தடவிக்கொடுப்பது போலத்தான் தெரிந்திருக்கும். "முனீசு, எம்புட்டு நேரம் நிக்கும்?"

"எட்டு மணி நேரம் நிக்கும்க்கா."

மலையம்மாள் முகம் அப்படியே மலர்ந்தது. "பாப்பா சொன்னாப் போதும்ண்ணே. நாங்க காதுகுத்துக்குப் போயிட்டு வாரோம்."

ஜூன் 21, சனி

ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. எங்கள் வீட்டில் ஃபேன் நிற்கவில்லை. எங்கள் வீட்டுப் பேட்டரி நிஜமாகவே புதுசு. நாள் முழுக்க அந்த ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 23, திங்கள்

இன்று பொரிய வேண்டிய முட்டைகள். சாயந்திரம் ஒரு தட்டை அப்படியே சாக்கு போட்டு மூடிக் கடைக்குக் கொண்டுவந்தார் மலையம்மாள், கூடவே வாணியும். ஒன்றில் மட்டும் ஓடு உடைந்து மூக்கு வெளியே தெரிந்தது. காய்ந்து போயிருந்தது.

"பேட்டரிக்குத் தண்ணி ஊத்துனியா?" என்றார் அப்பா.

"வாங்கி ரெண்டு வாரம்கூட ஆகலயேண்ணே."

"ஊத்தல. அம்புட்டுதான், வாரண்டி போச்சு. கொண்டுபோய் அவிச்சுத் தின்னுங்க, கறியும் முட்டையும் சேந்தே கெடைக்கும்."

பக்கத்து டீக்கடையில் நின்றவர்கள் டம்ளரை வைத்துவிட்டுச் சிரித்தார்கள். மலையம்மாள் அழவில்லை. சாக்கை இழுத்து மூடினார்.

வாணிதான் பேசினாள். "அவளுக்கு முன்னாடியே தெரியும்மா. ஸ்கூல்ல எங்கிட்டச் சொன்னா. கேளும்மா அவகிட்ட."

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார்.

"நான் ஒண்ணும் சொல்லல" என்றேன்.

வாணி என் யூனிஃபார்ம் சுடிதாரைப் பார்த்தாள். அவள் தைத்த இடத்தை.

ஜூன் 24, செவ்வாய்

பெஞ்சு மாறிவிட்டாள்.

ஜூலை 6, ஞாயிறு

கோடு விழுந்த பேட்டரி திரும்ப வந்துவிட்டது. பாவம் பார்த்துப் பழைய பொருளாக எடுத்துக்கொண்டதாக அப்பா ஊரெல்லாம் சொல்கிறார். நான் ஒட்டிய ஸ்டிக்கரை நானே உரித்தேன். முன்னைவிடச் சீக்கிரம் வந்தது. கோட்டை மறைத்துப் புது ஸ்டிக்கர் ஒட்டினேன். யாரும் சொல்லித்தரவில்லை.

மத்தியானம் கோச்சடையிலிருந்து ஒருவர் வந்தார். வண்ண மீன் கடை வைத்திருக்கிறாராம். தொட்டிக்குக் காற்று விடுகிற மோட்டார் நிற்கக் கூடாதாம். அந்தப் பேட்டரியைத் தட்டிப் பார்த்தார்.

"ஷட்டவுன்னா எம்புட்டு நேரம் தாங்கும் பாப்பா?"

"எட்டு மணி நேரம் நிக்கும்ண்ணே" என்றேன்.

அப்பா அப்போது கடையிலேயே இல்லை. டீ குடிக்கப் போயிருந்தார்.